நீ எழுதிய சட்டப்படியே நடந்தேன்

கெலுகோர், பினாங்கு

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம், உன் சுகத்தையும் அறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கினால் அது பாதிப் பொய். நான் சுகம். உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு நின்றுவிட்டது. இதை உன் குணவதி சித்தி அன்றைக்கே போனில் ஒப்பாரி வைத்துச் சொல்லியிருப்பாள், ஆகவே நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அன்று முதல் நீ என்னை ஓயாமல் கூப்பிடுகிறாய், போன் மேசையில் கிடந்து துடிக்கிறது, நான் எடுக்கவில்லை. அதற்காகக் கோபப்படாதே. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு வந்தபோது வீட்டுக்கு ஓர் அரசியலமைப்புச் சட்டம் என்று நீ எழுதி, எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிப் போனாயே, அதில் அப்பா மகளிடம் போனில் பேசக் கூடாது, கத்தாமல் பேச அவருக்குத் தெரியாது, எதுவானாலும் கடிதம் எழுதட்டும் என்று இருக்கிறது. எழுதுகிறேன்.

லெஸ்டரில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் குளிர் காது வழியாகத்தான் இறங்கும். பிள்ளைகளுக்கு நாடு நாடாக அரசியலமைப்புப் படிப்பிக்கிறவளுக்குத் தொண்டையும் முக்கியம், சுடுதண்ணீர் குடி. இங்கே பின்னேரமானால் மழை. பாசாரில் மீன் விலை கேட்கவே பயமாக இருக்கிறது, எனக்கென்ன, நான் மூன்று வேளையும் அலாவுதீன் கடையில் சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள், உயிரோடு இருக்கிறவளுக்கு.

அந்தத் தீபாவளியன்று அப்படி என்ன நடந்துவிட்டது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. குணவதி தன் புருஷன் நல்லமுத்துவோடு பலகாரம் கொண்டுவந்தாள். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய மனுஷன், சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருக்கிறவன், வந்ததும் வராததுமாக என் நாற்காலியில் சாய்ந்து என் பேப்பரை எடுத்து விரித்தான். எழும்பு என்றேன். எழும்பினான். குணவதி ஏதோ முணுமுணுத்தாள், நான் வாசலைக் காட்டினேன், பலகாரத் தட்டையும் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து உழைத்துக் கட்டிய வீட்டில் யார் எங்கே உட்காருவது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா? உன் அம்மா அடுக்களையில் நின்று அழுதாள், அவள் அழுவது புதிதல்ல. நீதான் புதிதாகத் துள்ளினாய். சாப்பாட்டு மேசையைத் துடைத்து வெள்ளைத்தாளை விரித்து, இந்த வீட்டில் ஒரே ஆள் எல்லாவற்றுக்கும் அரசாங்கமாக இருந்தது போதும், இனிமேல் எழுதி வைத்து ஆளலாம் என்றாய். எழுதி வைத்தால் நான் மாறிவிடுவேன் என்று நம்புகிறாயா என்று கேட்டேன். நீ சொன்ன பதில் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. “அரசாங்கத்தை நம்பி யாரும் சட்டம் எழுதுறதில்லப்பா. நம்பாமத்தான் எழுதுறாங்க.” பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சு.

பிறகு பாடம் தொடங்கியது. மலேசியாவில் புத்ராஜெயாவில் இருக்கிற மத்திய அரசு, அதாவது கூட்டரசு, நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியாது, எது கூட்டரசுக்கு, எது மாநிலத்துக்கு, எது இரண்டுக்கும் பொது என்று ஒன்பதாம் அட்டவணையில் பட்டியல் போட்டிருக்கிறது, போலீசும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கூட்டரசின் கையில், நிலம் மாநிலத்தின் கையில், எந்தப் பட்டியலிலும் வராத விஷயம் மாநிலத்துக்கே சேரும், பிரதமரே ஆனாலும் அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் என்றாய். அதே அச்சில் வீட்டையும் வார்த்தாய். நான் கூட்டரசாம், உன் அம்மா மாநிலமாம். கேட், கூரை, கார், வரி, வங்கி இவை அப்பா பட்டியல். அடுக்களை, கோயில், தங்கச்சியோடு போக்குவரத்து, அவளுடைய போன், அவளுடைய உடம்பு, மருந்து, டாக்டர் எல்லாம் அம்மா பட்டியல். எழுதாமல் விட்டது எதுவானாலும் அதுவும் அம்மாவுக்கே. அவள் பட்டியலில் நான் கை வைத்தால் நீ இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டாய். இரண்டு பேரும் சம்மதித்தால்தான் ஒரு வரியையாவது திருத்தலாம். உடம்பை ஏன் அவள் பக்கம் எழுதுகிறாய் என்று கேட்டதற்கு, கண் ஆப்பரேஷனுக்கு அவள் நாள் குறித்ததை நான் போன் போட்டு நிறுத்தியதைக் குத்திக் காட்டினாய். பாத்திரம் கழுவ அரைப் பார்வை போதாதா?

அன்று நானும் ஒன்று கேட்டேன், அதை மறந்துவிடாதே. நாட்டுச் சட்டத்தில் அவசரகாலம் என்று ஒரு பிரிவு உண்டே, ஆபத்து வந்தால் கூட்டரசு மாநிலத்தின் பட்டியலுக்குள்ளும் புகலாமே, அதையும் சேர் என்றேன். நீ சிரித்தாய். அறுபத்தொன்பதில் போட்ட அவசரகாலத்தை எடுக்க இந்த நாட்டுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அந்த வழியை உங்களுக்குத் திறந்துவிட்டால் அம்மா தும்மினாலும் அவசரகாலம் என்பீர்கள் என்றாய். உன் அம்மா அப்போது உன்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தீபாராதனை பார்க்கிறவள் மாதிரி. தன் கையெழுத்தை அவள் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் போட்டாள். நான் போட்டது ஆபீஸ் கையெழுத்து, ஒரு கோடு கோணவில்லை.

நீ போன பிறகு சட்டப்படியே ஆண்டேன், ஒரு குற்றம் சொல்ல முடியாது. அடுக்களை அவளுடையது, ஆனால் வங்கி என்னுடையது, ஆகவே மீன் வாங்கவும் அவள் என் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். பினாங்கு சம்பாதிக்கிறது, வரி புத்ராஜெயாவுக்குப் போகிறது, திரும்பி வருவதை மாநிலம் கையேந்தி வாங்குகிறது. இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற நீ, வீட்டுக்கு எழுதும்போது பணப்பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா பிள்ளை? தங்கச்சி வீட்டுக்குப் போக அவளுக்கு உரிமை உண்டு, கார் என் பட்டியல், வெயிலில் பஸ்ஸுக்கு நின்றாள். ஆனாலும் போனாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். முன்பெல்லாம் போகட்டுமா என்று கேட்டு நிற்பவள், இப்போது போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டாள். அடுக்களையில் பாட்டு முணுமுணுக்கவும் தொடங்கினாள். எனக்கு எரிந்தது, சொல்ல வழியில்லை, பாட்டு எந்தப் பட்டியலிலும் இல்லை.

இனி அன்றைக்கு நடந்தது. குணவதி உனக்குச் சொன்னது பாதிதான், அவள் அங்கே இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அடுக்களையில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. உன் அம்மா சுவரைப் பிடித்தபடி வந்து, கை மரத்துப் போகிறது, தலை சுற்றுகிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். கேட்டேன், நன்றாக வாசித்துக்கொள். அவள் சோபாவில் உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். “வேண்டாம். கொஞ்சம் படுத்தாச் சரியாப் போகும். இது என்ர பட்டியலிலை இருக்கு, நீங்க தலையிட ஏலாது.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். கல்யாணமான நாள் முதல் என்னிடம் வேண்டாம் என்று சொல்லியறியாதவள், அந்தச் சொல் அவளுக்கு வாயில் இனித்திருக்க வேண்டும். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது, மற்றப் பக்கத்து உதடு அசையவில்லை. எனக்குத் தெரியாதா? என் அப்பா விநாசித்தம்பி போனதும் இதே சிரிப்போடுதான். பழைய சிவநேசனாக இருந்தால் வாயை மூடு என்று ஓர் அதட்டல் போட்டு, அவளை அள்ளிக் காரில் போட்டு, சிவப்பு விளக்கிலும் நிற்காமல் கொண்டுபோயிருப்பேன். அந்த முரடனைத்தானே நீ எழுதிக் கட்டிப்போட்டாய்? உன் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினேன். சொல்லும்போது எனக்கும் இனித்தது.

விளக்கேற்றும் நேரம் வரை படுத்திருந்தாள். எழுப்பினேன், கண் திறந்தது, சொல் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லாமல் போன பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். டாக்டர் சின்னப் பெண், எப்போது தொடங்கியது என்று கேட்டாள், சொன்னேன், எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உடனே வந்திருந்தால் மருந்து ஏற்றி ஓரளவு மீட்டிருக்கலாம், அந்த நேரம் தாண்டிவிட்டது என்றாள். லெஸ்டரில் இருக்கும் என் மகள் எழுதிய சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று அவளிடம் விளக்கவா முடியும்? நீயும் போனில் எழுத்தாக அனுப்பியிருக்கிறாய், பார்த்துக்கொண்டா இருந்தீர்கள் என்று. ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வரம்பு என்றால் அதுதான். நல்லது செய்யும்போது தாண்டலாம், கெட்டது செய்யும்போது நிற்க வேண்டும் என்று இரண்டு விதமாக வேலி போட முடியாது, அப்படி ஒரு வேலி உனக்குத் தெரிந்தால் எந்த நாட்டில் இருக்கிறது என்று எழுது.

குணவதியை வீட்டில் வந்து தங்கவிடுங்கள், அம்மாவை அவள் பார்த்துக்கொள்வாள் என்றும் கேட்டிருக்கிறாய். தங்கச்சியை அழைக்கும் உரிமை உன் அம்மாவுடையது, அவள் வாய் திறந்து கூப்பிட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வாயில்லாதவளின் அதிகாரத்தை யார் எடுத்து நடத்துவது என்று நீ எங்கும் எழுதவில்லை, வாசல் கேட்டோ என் பட்டியல். இப்படித்தான் உனக்குப் பதில் எழுதி முடித்துவிடலாம் என்று போன வாரம் நினைத்தேன். நன்றாகத்தான் வந்திருக்கும் அந்தக் கடிதம். அதற்குள் வேறொன்று தொடங்கிவிட்டது.

உன் அம்மாவுக்குக் குழைவாக ஏதாவது கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னாள். நர்ஸ் ஷாஹிரா கரண்டியால் கொடுக்கிறாள், வாய் திறக்கிறது. குணவதி வந்து கொடுக்கிறாள், திறக்கிறது. நான் கொடுத்தால் உதடு இறுகிவிடுகிறது. முதல் நாள் வலி என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கஞ்சி பிடிக்கவில்லை என்று நினைத்து நானே வைத்தேன். அடுக்களைக்குள் நான் போகக் கூடாது என்பது சட்டம், போனேன், அது ஒன்றுதான் மீறல், குறித்துக்கொள். அடி பிடித்துவிட்டது, மேலாக எடுத்துக்கொண்டு போனேன். கரண்டியை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பழைய குரலில் வாயைத் திற பத்மா என்று ஒரு சத்தம் போட்டேன். அந்தக் குரலுக்கு இந்த வீட்டில் கதவு ஜன்னல் எல்லாம் நடுங்கும், உனக்குத் தெரியும். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஷாஹிரா ஓடிவந்து, பக்சிக், பெலான்-பெலான் லா, பெரியவரே மெல்ல மெல்ல என்று என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். அவள் கையால் அதே கஞ்சியை அரைக் கிண்ணம் குடித்தாள் உன் அம்மா. நான் கதவோரம் நிற்பதைக் கண்டதும் வாய் மூடிவிட்டது. அன்றிலிருந்து நான் வார்டுக்குள் இருக்கும்வரை யார் கொடுத்தாலும் தொடுவதில்லை. தண்ணீர்கூட இல்லை. நான் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தால் சாப்பிடுகிறாள்.

கை வராதவள், கால் வராதவள், ஒரு சொல் வராதவள். அவளிடம் மிச்சம் இருப்பது அந்த உதடு ஒன்றுதான், அதை வைத்து என்னை வெளியே நிறுத்திவிட்டாள். எவ்வளவு கல்நெஞ்சம் பார்த்தாயா? நாற்பது வருஷம் ஒன்றாக இருந்து இந்தப் பொம்பிளையை நான் அறியவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். வீட்டில் நான் இருக்கிறேன். எந்தப் பெஞ்சில் போய் உட்காருவது? பட்டினி கிடந்தே போய்விடுவாள், அந்தப் பழியையும் நீ என் தலையிலேயே எழுதுவாய். ஆகவே இதைக் கூரியரில் போடுகிறேன். குணவதி வரட்டும், அவன் நல்லமுத்துவும் வரட்டும், கேட்டைத் திறந்தே வைக்கிறேன். நீயும் டிக்கெட் எடு. கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிடாதே, சட்டத்தைத் திருத்தத்தான் கூப்பிடுகிறேன். இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும் என்பது உன் விதி, என் சம்மதத்தை இதிலேயே எழுதித் தருகிறேன். அவளிடம் வாங்குவது உன் பாடு, இடது கையால் ஒரு கோடு கிழித்தாலும் போதும். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம், ஒரே வரி. பத்மாவதி தன் கணவன் கையால் கொடுப்பதை வாங்கிச் சாப்பிட வேண்டும்.

தண்ணீர்மலை முருகன் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், எங்கே நின்றாலும் தலை நிமிர்ந்து நில். வரும்போது குளிர் உடுப்பை விமானத்திலேயே கழற்றி வை, இங்கே வேர்க்கும். நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விடு, பார்வை நேரத்தில் நான் உள்ளே இருக்க மாட்டேன், வெளியே பெஞ்சில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வி. சிவநேசன்