பௌர்ணமியன்று மூடிய டீக்கடை

அக்கா,

இன்று காலை ஆலோசனைக்குப் புதிதாக வந்தவர் நெற்றி நிறைய விபூதியோடு என் எதிரில் உட்கார்ந்தார். அந்த வாசனை பட்டதுமே உங்கள் தம்பியின் நினைவு வந்துவிட்டது.

குழந்தையிடம் தவறாக நடந்து சிறைக்குப் போய் வந்தவனை, அடி அண்ணாமலையில் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டீர்கள். அவன் மறுபடி அந்த வழிக்குப் போகாமல் பார்ப்பது என் வேலை. எங்கே சறுக்குவான், அதற்கு முன் என்னென்ன செய்வான் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்து ஒரு தாளில் எழுதினோம். கூட்டம், தனியாக நிற்கும் பிள்ளைகள், சட்டைப்பையில் சாக்லேட். கிரிவலக் கூட்டம் உங்கள் டீக்கடையைத் தாண்டித்தான் போகும். ஊரே சம்பாதிக்கிற அந்தப் பௌர்ணமி நாளில் நீங்கள் மட்டும் கடையை மூடிவிட்டு அவனோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஒரு வருடம் ஒழுங்காக இருந்தான். மாலை போட்டான், விரதம் இருந்தான். பௌர்ணமி அன்னதானத்தில் பரிமாறப் போகட்டுமா என்று கேட்டான். சாமி காரியத்துக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் பக்தியைப் பார்த்து, திருந்திவிட்டான் என்றே நம்பினேன்.

அந்தப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் பஸ் பிடித்து என்னைத் தேடி வந்தீர்கள்.

"பாக்கெட்ல மறுபடியும் சாக்லேட் வச்சிக்கினு சுத்துறான் சார். எனக்கு பயமா இருக்குதுங்க."

"அன்னதானத்துக்கு வர்ற பிள்ளைங்களுக்கா இருக்கும்க்கா. சந்தேகப்பட்டா அவன் மனசு ஒடஞ்சிடும்."

தாளில் எழுதியதைத்தான் நீங்கள் சொன்னீர்கள். படித்தவன் என்ற மிதப்பில் நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நல்லவேளை, நீங்கள் என் பேச்சை நம்பவில்லை. பௌர்ணமியன்று அன்னதானப் பந்தலுக்குப் போய்ப் பார்த்தீர்கள். தாயைத் தவறவிட்டு நின்ற ஏழு வயதுப் பெண்ணை அவன் கைப்பிடித்து ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். நீங்கள் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடியது. போலீசிலும் நீங்களே சொன்னீர்கள். ஸ்டேஷன் வாசலில் என்னைத் திட்டக்கூட இல்லை. "அன்னிக்கே சொன்னேனே சார்" என்றீர்கள், அவ்வளவுதான்.

அதன் பிறகு உங்கள் கடைக்கு ஆள் வரவில்லை. கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொந்தங்களும் விலகின. ஒரு நாள் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் இறந்த அன்று தெருமுனை வரை வந்தேன். உள்ளே வர முகமில்லை.

இப்போதெல்லாம் என்னிடம் வருகிறவர்களின் வீட்டுப் பெண்கள் யாராவது பயமாக இருக்கிறது என்றால், அன்றே கிளம்பிப் போய்விடுகிறேன். பல நேரம் அங்கே ஒன்றும் இருப்பதில்லை. "வீணா அலைய வச்சிட்டேனே சார்" என்று சங்கடப்படுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையை உங்கள் வாயால் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, அக்கா.