மார்த்தாவிடம் கேட்காத துக்கம்

நவ. 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் மாடி ஆபீஸ், படியெல்லாம் சேறு. வெளிநாட்டு மருத்துவமனைக் குறிப்புகளில் பிழை திருத்தும் வேலை. இங்கே ஆறு பேர், மணிலாவில் மூன்று, போலந்தில் மார்த்தா. பத்துப் பேருக்கும் நான் லீடு. எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இதற்குத்தான்.

மார்த்தா வரவில்லை. அம்மா இறந்துவிட்டதாகச் சாட்டில் ஒரு வரி. மணிலாவிலிருந்து உடனே பூக்கள், இதயங்கள், பிரார்த்தனை. இங்கே ஆறு பேரும் ஒன்றும் எழுதவில்லை.

செல்வராணி அக்கா, குழுவில் மூத்தவள்: “செத்த வீட்டுக் கேதத்தைப் போயி சாட்டுல கேப்பாங்களா? நேர்ல போயி கையத் தொடணும். முடியலன்னா வாய மூடிக்கிட்டு அவங்க வேலையப் பாக்கணும்.”

மார்த்தாவின் வேலை வரிசையில் நாற்பது கோப்புகள். ஆறு பேரும் பிரித்துக்கொண்டார்கள். ஆரோக்கியம் ஒருவனே பத்து. நல்லது என்றுதான் நினைத்தேன். மார்த்தாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

நவ. 11, திங்கள்

மழை. குடை பஸ்ஸில் போயிற்று.

மதியம் மீட்டிங். திரையில் மார்த்தா, கறுப்பு ஸ்வெட்டர். இங்கே யாரும் ஹலோ சொல்லவில்லை. துக்கக்காரரை வாங்க என்று எப்படிக் கேட்பது? முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். துக்க வீட்டில் அப்படித்தான். ஆறு சதுரங்களும் அணைந்தன. மார்த்தா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவனித்தேன். நானும் அணைத்தேன்.

நவ. 13, புதன்

சென்னை மேனேஜர் போன். மார்த்தா புகார். அம்மாவைப் புதைத்துவிட்டு வந்தால் தன் வரிசை காலி, வேலையைப் பிடுங்கிவிட்டார்கள், முகம் பார்த்தும் ஒருவரும் பேசவில்லை. ராஜினாமா செய்யப் போகிறாள்.

“உங்க டீம்ல என்னங்க நடக்குது? நாலு மணிக்குள்ள விளக்கம் வேணும். நீங்க லீடா இருக்கறதப் பத்தியே பேச வேண்டியிருக்கு.”

எழுதினேன். கேதம் கேட்பது, கையைத் தொடுவது, சொல்லாமல் கிளம்புவது, எல்லாம். ஆங்கிலத்தில் படித்தபோது, மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டிய சீட்டு மாதிரி இருந்தது. பெட்டிக்குள் நானும். அழித்தேன்.

அனுப்பியது: உள்ளூர் ஊழியர்களுக்கு வெளியுலகப் பழக்கம் குறைவு. வருந்துகிறேன். பயிற்சி அளிக்கிறேன்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. டீ ஆறிவிட்டது.

நவ. 14, வியாழன்

லீடாகத் தொடர்கிறேன். மேனேஜர் என் மெயிலைக் குழு முழுவதற்கும் அனுப்பியிருக்கிறார், எல்லோரும் கற்றுக்கொள்வதற்காக.

ஆரோக்கியம் அதைச் சத்தமாக வாசித்தான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

செல்வராணி அக்கா: “பழக்கம் கொறைவாம்ல. ஏத்தா, போன வருசம் ஒங்க அப்பா செத்தப்ப திருமயத்துக்கு வந்தமே. எத்தன பேரு வாயத் தொறந்தோம்?”

மெயிலை மூடினேன்.

“லீடு மேடம், பயிற்சி எப்பங்க?” ஆரோக்கியம்தான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சாப்பாட்டு மேஜையில் என் நாற்காலியில் யாருடையதோ ஹெல்மெட். என் கம்ப்யூட்டர் முன்னாலேயே சாப்பிட்டேன். புளிச்சோறு.

நவ. 18, திங்கள்

வெயில். பயிற்சி.
– துக்கச் செய்தி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு வரி.
– பிறர் வேலையை எடுக்கும் முன் அனுமதி.

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

“அந்த ரெண்டு வரிய நீங்களே குடுத்துருங்கம்மா,” என்றாள் செல்வராணி அக்கா. “அப்படியே ஒட்டிர்றோம்.”

நீங்க. அம்மா. போன வாரம் வரை ஏத்தா.

நவ. 20, புதன்

மார்த்தா தனியாக அழைத்தாள். செல்வராணி அக்கா அவளுக்கு மெயில் எழுதியிருக்கிறாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என்னிடம் காட்டாமல். ஏன் பேசவில்லை, நாற்பது கோப்புகள் எங்கே போயின, எல்லாம். மார்த்தா அழுதாளாம். புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டாள், வேலையில் இருக்கிறாள். ஆறு பேரின் பெயர்களையும் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்தாள்.

பிறகு, கோபமில்லாமல்தான், கேட்டாள். நீயும் அந்த ஊர்தானே, உனக்கு இந்த வழக்கம் தெரியாதா என்று.

தெரியாது என்றேன்.