தற்செயலாரின் வருகைகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப் பல்லை அடைத்தார். பாதி வாய் மரத்து, எச்சில் ஒழுகுகிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் வெளியே வந்தால், எதிர்க்கடை வாசலில் அவர். எட்டு மாதத்துக்கு முன் நான் விட்டுவிட்டு வந்த என் கணவர்.

"அட, நீயா! என்ன தற்செயல் பாரு" என்றார்.

ஒரு மாதத்தில் இது நான்காவது தற்செயல். முதலாவது நூலகத்தில். அந்த மனிதர் கடைசியாகப் புத்தகத்தைத் தொட்டது பள்ளிக்கூடத்தில். இரண்டாவது பெண்கள் உள்ளாடைக் கடை வாசலில். கைக்குட்டை வாங்க வந்தாராம். மூன்றாவது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள்! கிரகங்கள் எல்லாம் வேறு வேலை இல்லாமல் இவருக்காகவே சுற்றுகின்றன போலிருக்கிறது. இனி இந்த நோட்டில் அவர் பெயர் தற்செயலார். மரியாதை முக்கியம்.

பாதி வாயால் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்று பஸ் மாறி, ஊரைச் சுற்றிக்கொண்டு அறைக்கு வந்தேன். இந்த அறை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேலை பார்க்கும் கடை முதலாளியம்மாவுக்குத் தெரியாது. கூடப் பிறந்த அக்காவுக்கே தெரியாது. எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 5, வியாழன்

தற்செயல் எதுவும் இல்லை. விடுப்பில் இருக்கிறார் போல.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்கா வீடு. வழக்கம்போல் முதல் கேள்வியே, "இப்பவாவது சொல்லேன்டி, எங்க குடியிருக்கே?"

"கூரைக்குக் கீழ."

"என்கிட்ட சொன்னா நான் என்ன மைக் வெச்சா கத்தப்போறேன்?"

மைக் தேவைப்படாது. அக்காவுக்கு ஒரு ரகசியம் கிடைத்தால் வெந்நீர் வாயில் வைத்த மாதிரி, உடனே துப்பியாக வேண்டும். அதையே அவளிடம் சொன்னேன். முகம் சுருங்கிப் போயிற்று. அப்புறம் அரை மணி நேரம் தற்செயலாரின் பெருமைகள். இளைத்துவிட்டாராம். குரல் தழுதழுக்கிறதாம். "ஒரு அடி அடிச்சிருப்பாரா உன்னை? குரல்கூட உசத்த மாட்டாரே!" உண்மைதான். தங்கப் பதக்கம் வாங்கித் தர வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

எங்கள் கடையின் இஸ்திரி அண்ணனை யாரோ வேவு பார்க்கிறார்களாம்!

எங்களுடையது ஆல்டரேஷன் கடை. பேன்ட்டின் நீளத்தைக் குறைப்போம், ஜிப் மாற்றுவோம், அடுத்த மாதம் கண்டிப்பாக இளைத்துவிடப் போகிறவர்களுக்கு இந்த மாதம் இடுப்பைத் தளர்த்திக் கொடுப்போம். நான் தைப்பேன், அண்ணன் இஸ்திரி போடுவார். அறுபது வயது. மாலையில் நானும் அவரும் ஒரே பஸ். நேற்று பஸ்ஸில் வரும்போது அவர் போனில் ஓர் எச்சரிக்கை வந்ததாம்: யாருடையதோ ஒரு டிராக்கர் உங்களோடு பயணம் செய்கிறது. சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன வட்டு அது, சாவியைத் தொலைத்தால் போனில் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று முதலாளியம்மா விளக்கினார்.

"என்னை எதுக்கும்மா ஒருத்தன் பின்தொடரணும்? எனக்கே என்னோட இருந்தா போரடிக்குது" என்றார் அண்ணன். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் வீட்டுக்காரி வேலைதான். டாக்டர் தினம் நடக்கச் சொன்னார். நான் நடக்கிறதில்லைன்னு கண்டுபிடிச்சிட்டா."

மதியம் அவர் பையைக் கொட்டினோம், செருப்பைத் தட்டினோம், மூக்குக்கண்ணாடிக் கூட்டைக்கூட விடவில்லை. ஒன்றும் இல்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். என் பழைய போனுக்கு இந்த எச்சரிக்கை வம்பெல்லாம் கிடையாது. மணி காட்டினாலே பெரிய உபகாரம்.

பிப்ரவரி 12, வியாழன்

முதலாளியம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் இங்கே என்றால் —

காலையில் மழை. கோட் தொப்பலாக நனைந்துவிட்டது. "குடும்மா, காய வெச்சுத் தர்றேன்" என்று இஸ்திரி அண்ணன் வாங்கிப் பலகையில் விரித்தார். கீழ் மடிப்பில் பெட்டி டொக்கென்று இடித்தது. "பட்டன் ஏதும் உள்ள போயிடுச்சா?" என்றார்.

தையலைப் பிரித்தேன். பட்டன் இல்லை. வெள்ளையாக, வழுவழுப்பாக, ஒரு வட்டு.

அண்ணன்தான் முதலில், "அப்ப என் வீட்டுக்காரி மேல தப்பில்லையா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோட் தினமும் என் அறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. அப்படியென்றால் அறை தெரியும். தெரு தெரியும். நான் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறேன் என்று கீழே நின்று பார்த்தாரோ என்னவோ, யார் கண்டது? நான் மூணு பஸ் மாறி மாறிச் சுத்தினேனே, அதையும் போன்ல பார்த்துச் சிரிச்சிருப்பான். தற்செயலாம் தற்செயல்! எழுத்து கோணலா வருது. வரட்டும். பயமா இருக்கு. அவ்வளவுதான், பயமா இருக்கு.

ஏன் விட்டு வந்தேன் என்று இதுவரை எழுதியதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. ஒருநாள் காய்கறிக் கடையிலிருந்து வர ஒன்பது நிமிஷம் தாமதம். மறுநாள் என் போனை எடுத்துக்கொண்டு, என்னை உள்ளே வைத்து வீட்டை வெளியே பூட்டிவிட்டு அவர் வேலைக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்து, "இனிமே லேட் ஆகாதுல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். குரல்கூட உயர்த்த மாட்டார் என்று அக்கா சொல்வது சரிதான்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஹெம்மிங் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடதுகைக்காரர் போட்ட தையல். இடைவெளி அளந்த மாதிரி, முடிச்சு உள்ளே மறைந்து, நூல் கோட்டின் நிறத்துக்கு அச்சாகப் பொருந்தி. வட்டு நகராமல் இருக்க லைனிங் துணியில் ஒரு குட்டிப் பை வேறு! எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அது. எதிரே உட்காரவைத்து, கண்ணாடியில் பார்ப்பது போல் பார்த்துப் பழகச் சொன்ன இடது கை. போன மாதம், "மடிப்பு பிரிஞ்சிருக்குடி, குடு தைச்சுத் தர்றேன்" என்று கோட்டை வாங்கினாள். நான் நன்றி வேறு சொன்னேன்.

பசை போட்டு ஒட்டியிருந்தால் யார் வேலை என்றே கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் மட்டமாக ஒரு வேலையைச் செய்ய என் அக்காவுக்கு வராது. துரோகம் செய்தாலும் முடிச்சு வெளியே தெரியக்கூடாது அவளுக்கு.

முதலாளியம்மா கையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாவி தேடுறதுக்குத்தானேம்மா இது? உங்க சாவி ஏதாவது தொலைஞ்சுதா?"

"தொலைஞ்ச பொருள் நான்தான் சார்."

அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. புருஷன் என்றதும், "குடும்ப விஷயம்" என்று பேனாவையே மூடிவிட்டார். முதலாளியம்மா நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து பாதி முடிந்த பாவாடை ஒன்றை எடுத்து, நிதானமாகக் கொக்கி வைத்துத் தைக்க ஆரம்பித்தார். மூன்றாவது கொக்கிக்குப் பேனா திறந்தது. புகாரை எழுதினார், வட்டின் பின்னால் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார், வட்டை ஒரு கவரில் போட்டு மேஜை இழுப்பறையில் தள்ளினார். இன்ஸ்பெக்டரம்மா வந்ததும் பார்ப்பாராம்.

"ரெண்டு நாள் வாயைத் தொறக்காதே. உன் அக்காகிட்டயும்தான்" என்று முதலாளியம்மா உத்தரவு.

பிப்ரவரி 13, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. அக்கா இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

இதை அழகாக எழுதி வைக்க வேண்டும். நிதானமாக எழுதுகிறேன்.

வட்டைக் கவரில் போட்டவர் பேட்டரியைக் கழற்றவில்லை. மறந்துவிட்டார். ஆகவே வியாழன் மதியத்திலிருந்து தற்செயலாரின் போனில் நான் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறேன். வியாழன் இரவு அங்கேயே. வெள்ளி முழுக்க அங்கேயே. பாவம், மனிதர் தாங்குவாரா? இன்று காலை தலைவாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கே போய்விட்டார்.

"என் மனைவியை ரெண்டு நாளா இங்க வெச்சிருக்கீங்க. என்ன கேஸ்னு சொல்லுங்க. அவளுக்கு மனசு சரியில்ல, நான் கூட்டிட்டுப் போறேன்."

"இங்க யாரும் இல்லையே. யார் சொன்னது உங்களுக்கு?" என்றாராம் இன்ஸ்பெக்டரம்மா.

"யாரும் சொல்லணுமா? இதோ பாருங்க."

போனைத் தானே நீட்டியிருக்கிறார்! திரையில் என் பெயர், அதன் கீழே ஸ்டேஷன், ஐந்து வாரத்து இடங்கள் ஒவ்வொன்றாக — திரையைப் படம் பிடித்துச் சேமித்து வைத்திருந்தாராம். நூலகம், பல் டாக்டர், என் தெரு. என் தெருவை மட்டும் முப்பது தடவைக்கு மேல். இன்ஸ்பெக்டரம்மா போனை வாங்கி வைத்துக்கொண்டு, "உக்காருங்க சார், நிதானமாப் பேசலாம்" என்றாராம்.

இதையெல்லாம் இன்ஸ்பெக்டரம்மாவே போனில் சொன்னார். குடும்ப விஷயக்காரர் இப்போது என் கேஸுக்குத் தனி ஃபைல் போட்டிருக்கிறாராம். ஓர் அலுவலகத்தின் அசிரத்தைக்கு நன்றி சொல்லும் நாள் என் வாழ்வில் வரும் என்று நினைக்கவே இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். கோட்டை மேஜையில் போட்டு, பிரித்த மடிப்பைத் திருப்பிக் காட்டினேன். பார்த்தவுடன் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் அழுதார்டி. தூரத்துல இருந்து பத்திரமா இருக்காளான்னு மட்டும் பார்த்துக்கறேன்னார்."

"நீ நம்பிட்டே."

"அது மட்டும் இல்ல." பிரிந்த மடிப்பை விரலால் நீவினாள். "எனக்கே சொல்லலியே நீ. இடம் தெரிஞ்சப்புறமும் நீயா சொல்லுவேன்னுதான் கேட்டுட்டே இருந்தேன். அவர் சாயங்காலம் சாயங்காலம் போன்ல எனக்கும் காட்டுவார். 'இதோ, வீட்டுக்குப் போயிட்டா பாருங்க'ன்னு. அந்தப் புள்ளி அங்க போய் நின்னதும்தான் எனக்கு நிம்மதியா இருக்கும்."

திட்டுவதற்கு ஒரு வண்டி நிறைய வார்த்தை கொண்டுபோயிருந்தேன். அதற்குப் பதிலாகப் பூட்டிய கதவைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது நிமிஷம், இரண்டு நாள், மூன்றாம் நாள் காலை. முதல் தடவையாக ஒருவரிடம்.

அக்கா தன் இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டாள். "ஏன்டி சொல்லல?" என்று கேட்டாள்.

ஏன் சொல்லவில்லை? வாயில் நிற்காது என்று அவளைக் கிண்டல் செய்தே பழகிவிட்டேன். என் வாயிலிருந்து வர வேண்டியதும் வரவில்லையே.

நாளைக்கே ஸ்டேஷனுக்கு வந்து தான் தைத்ததை எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாள். சரி என்றேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

எழுதிக் கொடுத்தாள். கையெழுத்தும் எதிர்ப்பக்கமாகவே சாய்ந்திருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

வேறு அறை. வேறு தெரு. சாமான்களை இஸ்திரி அண்ணனும் அவர் மனைவியும் தூக்கி வந்தார்கள். அவர் மனைவி வழியெல்லாம் அவரை நடக்கவைத்தே கூட்டி வந்தார். தற்செயலார் என்னை நெருங்கக் கூடாது, தொடர்புகொள்ளவும் கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்திருக்கிறது. காகிதத்தில். காகிதத்துக்கு எவ்வளவு பலம் என்று தெரியவில்லை. கதவுக்கு உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள் போட்டேன். பகலில் நன்றாகத்தான் இருக்கிறேன். தெருவில் யாராவது "அட, நீங்களா!" என்றால் மட்டும் உடம்பு தூக்கிப்போடுகிறது.

மார்ச் 22, ஞாயிறு

ஐந்து வாரம் கழித்து அக்காவைப் பார்த்தேன். அவள் வீட்டிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பூங்காவில். இடத்தை நான்தான் சொன்னேன்.

பேசினோம். அவள் முட்டி வலி, என் புது ஜன்னல், முதலாளியம்மா வாங்கிய புது மெஷின். கேட்டுவிடுவாள் கேட்டுவிடுவாள் என்று நான் காத்திருந்த கேள்வி வரவே இல்லை. ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான் சொல்லப் போனபோது, "வேணாம்டி, சொல்லாதே. காத்து வருதுல்ல? அது போதும்" என்றாள்.

என் பஸ் வரும் நேரமாயிற்று. எழுந்தேன். அக்காவும் எழுந்தாள், கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். பிறகு பெஞ்சில் மறுபக்கமாக, பஸ் நிலையத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, அது கிளம்பித் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா திரும்பவே இல்லை.