இடப்பக்கம் நின்றவனின் முழுப்பெயர்

என் அன்பு மச்சான் கஜேந்திரன்,

இறுதிப்போட்டியில் தோற்றுவிட்டோம். என்னால்தான். பயிற்சியாளர் அப்படிச் சொல்லவில்லை. அவர் யாரையும் குறை சொல்லாதவர் என்பது உனக்குத் தெரியும்.

மெல்பேர்னிலேயே அமெரிக்கன் ஃபுட்போல் ஆடுகிற தமிழர் நாங்கள் இருவர் மட்டும்தான் என்று பீற்றிக்கொள்வாய். பல்கலைக்கழக அணியின் முன்வரிசையில் நான், என் இடப்பக்கம் நீ. பந்தையே தொடாத வேலை. பின்னால் நிற்கும் குவாட்டர்பேக் பந்தை எறியும்வரை, அவனை விழுத்த வருகிறவர்களை மறிக்க வேண்டும். எதிரணிக்காரர் குறுக்கே ஓடி இடம் மாறினால் நான் "மாத்து" என்று கத்துவேன். என் ஆளை நீ எடுப்பாய், உன் ஆளை நான். தன்னைத் திட்டுகிறோமா என்று எதிரணியில் ஒருத்தன் கேட்டபோது, "ஓம், கொஞ்சம்" என்று தமிழிலேயே பதில் சொன்னாயே.

போட்டிப் பருவத்தின் நடுவில் ஒரு மழை நாள். "போட்டு வாறன் மச்சான், சோத்தை மூடி வை" என்று சைக்கிளை எடுத்தாய். யாருடைய பீட்சாவையோ கொண்டுபோகும்போது கார் அடித்தது. நீ தங்கள் ஊழியர் இல்லை என்றது அந்த டெலிவரிக் கம்பனி. அதுவரை ஒவ்வொரு நிமிடமும் நீ எந்தத் தெருவில் நிற்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அடுத்த ஆட்டத்தில் கையில் கறுப்புப் பட்டி கட்டினோம். வென்றோம். நான் துள்ளினேன், மச்சான். அதற்குப் பிறகும் வென்றோம், அப்போதும் துள்ளினேன். கிளேட்டனில் நாம் இருந்த அறைக்குத் திரும்பி, சேறு காய்ந்த உன் சப்பாத்தைப் பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது. துள்ளும்போது ஏன் வரவில்லை?

உன் இடத்துக்கு, அணியில் மாற்று ஆளாக இருந்த லூக் வந்தான். வெள்ளைக்காரப் பொடியன், நல்லவன். நீயும் நானும் கத்திய சொற்களைத் தனக்கும் சொல்லித்தரக் கேட்டான். ஆங்கிலமே போதும் என்றேன். உன் சப்பாத்தைக் கேட்டதுபோல எரிச்சல் வந்தது எனக்கு.

இறுதிப்போட்டியில், ஒரு டச்டவுன் போட்டால் கிண்ணம் எங்களுக்கு என்ற நிலை. எதிரணிக்காரர் குறுக்கே பாய்ந்தார்கள். என் வாய் தன்பாட்டில், "கஜன், மாத்து!" என்று கத்தியது. நான் லூக்கின் ஆள்மீது பாய்ந்தேன். லூக்கும் அதே ஆளை விடாமல் மறித்துக்கொண்டிருந்தான். என் ஆளை மறிக்க யாரும் இல்லை. அவன் நேரே போய்க் குவாட்டர்பேக்கை விழுத்தினான். பந்து அவர்களிடம் போனது. அத்தோடு எங்கள் பருவம் முடிந்தது.

உடை மாற்றும் அறையில் லூக் பக்கத்தில் வந்து இருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். என்ன கத்தினாய் என்று மட்டும் கேட்டான். மாத்து என்றால் என்ன என்று விளக்கினேன். அப்போ கஜன் என்றால் என்ன என்றான்.

அது உன் பெயர் என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அவனுக்கு நீ வெறும் கேஜ். அணி முழுவதற்கும் அப்படித்தான். வாய்க்குச் சுலபமாக இருக்கட்டும் என்று முதல் நாள் உன்னை அப்படி அறிமுகப்படுத்தியது யார்? நான். கறுப்புப் பட்டிகளில் கேஜ் என்று எழுதியதும் நான். செத்த பிறகுகூட உன் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்த பருவத்தின் முதல் பயிற்சியில் லூக்குக்கு எங்கள் சொற்களைச் சொல்லித்தருவேன். அதற்கு முன் அணி முழுவதும் கஜேந்திரன் என்று சொல்லவேண்டும். நாக்குப் புரளும்வரை பந்து மைதானத்துக்குள் வராது. இது சத்தியம்.

உன் வலப்பக்கம் நின்ற மச்சான்,
நிரோஷன்