வலது என்று நீ எழுதிய கால்

உன் கொப்பி என் சமையலறை மேசையில் கிடக்கிறது. உங்கள் வீட்டு நிலவறையைத் துப்பரவாக்கியபோது அகப்பட்டதாம். போன கிழமை உன் மகள் கொண்டுவந்து தந்தாள். பச்சை மட்டை, ஈர மணம். மணம் தாங்காமல் மனைவி அதை இரண்டு தடவை பால்கனியில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு தடவையும் நான் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

நீ உதைபந்தாட்டத்துக்கு ஆள் சேர்த்த கொப்பி அது. பெயர், ஊர், படித்த கல்லூரி, விளையாடிய இடம், கால். ஐந்துக்கும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருக்கிறாய். பொறியியல் படித்தவன் அல்லவா. பதினோராம் பக்கத்தில் என் பெயர். கல்லூரி என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. கால் என்ற இடத்தில் ‘வலது’ என்று எழுதியிருக்கிறாய். அது பொய் என்று எழுதும்போதே உனக்குத் தெரியும். முழு ஜேர்மனியிலும் அன்றைக்கு அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. நீ எண்பத்து மூன்று இலங்கைக் கலவரத்துக்கு முன்பே ஆஹெனுக்குப் படிக்க வந்தவன். நான் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, ஆஹெனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் தள்ளி ஒரு பழைய விடுதியில் இருந்த அகதிகள் ஹைமில் ஐந்து பேரோடு ஓர் அறையில் கிடந்தவன். உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதைபந்தாட்டப் போட்டி. தமிழ் மாணவர்களை எண்ணினால், கோயம்புத்தூர்க்காரனையும் சேர்த்து ஏழு பேர்தான். நான்கு பேரை வெளியிலிருந்து எடுக்கலாம் என்று விதி. அந்த நான்கு பேரைத் தேடித்தான் நீ பந்தையும் கொப்பியையும் தூக்கிக்கொண்டு ஹைம் ஹைமாக ஏறி இறங்கினாய்.

ஹைமில் எவனைக் கேட்டாலும் தன் கல்லூரியின் முதலாம் அணியில் விளையாடியவன்தான். ஊரில் அத்தனை கல்லூரிகள் இருந்தனவா என்று சந்தேகம் வரும். நீ யாரையும் மறுத்துப் பேசவில்லை. “தோத்த ஆட்டம் ஒண்டைச் சொல்லும்” என்று மட்டும் கேட்பாய். வென்ற கதையை எவனும் சொல்லுவான், தோற்ற கதையை விளையாடினவன்தான் சொல்லுவான் என்பது உன் கணக்கு. அந்தக் கேள்வியிலேயே முக்கால்வாசிப் பேர் தேநீர் போட எழும்பிப் போய்விடுவார்கள்.

என்னிடம் அந்தக் கேள்வியை நீ கேட்கவே இல்லை. கட்டிலில் இருந்து காலுறை தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாய். உன் முகம் முழுக்கச் சிரிப்பு.

“நீர் லெப்ட் விங்தானே? மூண்டு வருசத்துக்கு முன்னாலை, எங்கடை கிரவுண்டிலை, மழைக்கை, கடைசி நிமிசத்திலை கோல் அடிச்சது நீர்தானே? உமக்கு எதிரை ரைட் பேக் நான். இந்தா, நாடியிலை தழும்பு. உமக்குப் பின்னாலை ஓடி விழுந்தது.”

அறையில் இருந்த ஐந்து பேரும் திரும்பினார்கள். என் கையில் ஊசி குத்தியது.

அந்தக் கோலை அடித்தது நான்தான். உன்னை வெளிப்பக்கமாகக் கடந்து இடக்காலால் அடித்தது. அதற்காக எங்கள் கல்லூரிப் பெடியன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரவுண் தெருக்கள் முழுக்கச் சுற்றினார்கள். ஆனால் அப்போது எனக்குப் பதினாறு வயது நடந்தது. உன் முன்னால் இருந்தபோது பத்தொன்பது. அகதி விண்ணப்பத்திலோ பதினாறு. “பதினாறெண்டு சொல்லு, பள்ளிக்கூடத்திலை விடுவாங்கள், திருப்பி அனுப்பாங்கள்” என்று என்னை அனுப்பிவைத்த ஏஜென்ட் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்திருந்தேன். அந்தக் கணக்கின்படி நான் பதின்மூன்று வயதில் முதலாம் அணிக்கு விளையாடி, உன்னை விழுத்திக் கோல் அடித்திருக்க வேண்டும். அந்தக் கோல் என்னுடையது என்று வெளியில் வந்தால் என் வயது பொய். வயது பொய் என்றால் சொன்னது எல்லாமே பொய் என்றுதான் எழுதுவார்கள்.

“நான் இல்லை. எனக்குப் பதினாறு வயசு” என்றேன்.

நீ என் மேலுதட்டைப் பார்த்தாய். பிறகு, “பதினாறுக்கு மீசை வடிவாய்த்தான் இருக்குது” என்றாய். கொப்பியைத் திறந்து, “பந்து அடிக்கத் தெரியுமோ?” என்றாய். கொஞ்சம் என்றேன். “எந்தக் கால்?”

வலது என்று என் வாய் சொல்லிவிட்டது. நீ எழுதிக்கொண்டாய்.

விசரன் என்று நினைத்தேன். வலக்கால்காரன் ஒருவனை லெப்ட் விங்குக்கு எடுக்க ஒருவன் பஸ் ஏறி வருவானா? ஆனால் நீ அடுத்தடுத்த மூன்று சனிக்கிழமையும் வந்தாய். ஹைமுக்குப் பின்னால் மாடு மேய்கிற புல்வெளி. நீயும் நானும் மட்டும். பந்து என் இடப்பக்கம் உருண்டு வந்தபோது நான் என்னை மறந்து ஒன்று விட்டேன். வேலியைத் தாண்டி, ஓடையையும் தாண்டிப் போனது. நீ ஒன்றும் கேட்காமல் போய், முழங்கால் மட்டும் நனைந்து, பந்தை எடுத்து வந்தாய்.

“உன்ரை சங்கதி எனக்குத் தேவையில்லை. சனிக்கிழமை பத்து மணி பஸ். ஹைமை விட்டு வெளியூர் வாறதுக்கு அனுமதிக் கடிதம் வேணும், அதுக்கு நான் எழுதிக் குடுத்திட்டன்” என்றாய். அதுவரை நீர் என்றவன், அன்றுதான் முதன்முதலாக என்னை நீ என்றாய்.

உன் வாய் எங்கே சும்மா இருந்தது? நான் மைதானத்துக்கு வரும் முன்பே மாணவர்களிடம், இப்படி ஒருத்தன் வாறான், நாலு வருசத்துக்கு எங்களை அசைக்கேலாது என்று சொல்லி வைத்திருந்தாய். கோலியாக நின்ற கோயம்புத்தூர்க்காரன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “வாங்க பாஸ், உங்களைப் பத்தி இவர் எவ்ளோ பில்டப் குடுத்திருக்காரு தெரியுமா?” என்றான். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. ஹைமுக்கு வந்த பிறகு அன்றுதான் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் ஆளாக நின்றேன்.

அப்போதுதான் மைதானக் கோட்டுக்கு அருகில் அவரைக் கண்டேன். எங்கள் ஊர் ரவுண்காரர், அலுவலகத்தில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கிறவர். என் விசாரணைக்கான டெர்மின் அடுத்த கிழமை, அதற்கும் அவர்தான் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். கெட்ட மனிதர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். கையில் சுடுதண்ணிப் போத்தலோடு பக்கத்தில் நின்ற யாருக்கோ, ஊரில் தான் பார்த்த ஆட்டங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்குள் நடந்த ஆட்டமும் அதில் வந்தது.

உன்னிடம் ஓடி வந்து காதுக்குள் சொன்னேன். நீ அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். மாற்றுக்கு ஆள் இல்லை. நான் இறங்காவிட்டால் பத்துப் பேர். “ஏலுமான மாதிரி விளையாடு” என்றாய். அவ்வளவுதான்.

நான் வலக்காலால் விளையாடினேன். இடக்கால்காரன் வேண்டுமென்றே வலக்காலால் விளையாடுவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று விளையாடினவனுக்குத்தான் தெரியும். பந்து வரும், நான் சுற்றி வளைந்து காலை மாற்றுவேன், அதற்குள் எதிராளி எடுத்துக்கொண்டு போய்விடுவான். கடைசியில், யாருக்கும் கோல் இல்லாத நிலையில், நீ பின்னாலிருந்து நீளமாக ஒன்று அனுப்பினாய். நேரே என் இடக்காலில் வந்து விழுந்தது. முன்னால் அவர்களின் கோலி விழுந்து கிடக்கிறான், வலை திறந்து கிடக்கிறது. நான் நின்று, பந்தை வலப்பக்கம் உருட்டி, அடித்தேன். வெளியே போனது. அடுத்த நிமிடம் அவர்கள் வந்து கோல் போட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்கு.

கோயம்புத்தூர்க்காரன் கையுறையைக் கழற்றி நிலத்தில் எறிந்தான். “என்ன பாஸ் இது? ஓப்பன் கோல்! என் பாட்டி அடிச்சிருப்பாங்க!”

நீ முன்னால் வந்து நின்றாய். “அவனை ஏசாதை. பிழை என்ரை. ஆளை வடிவாய்ப் பாக்காமல் எடுத்திட்டன்.”

மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டு வந்தார். “தம்பி, உம்முடைய அந்தப் பெடியனைப் பாக்க எனக்கு ஆரையோ ஞாபகம் வந்தது. அந்தக் கோல் அடிச்ச பெடியன்ரை சாடை.”

“அவரோ அண்ணை? அவர் கனடாவிலை. எனக்கு எதிரை விளையாடினவர், எனக்குத் தெரியாதே? இவனுக்கு இடக்கால் நிக்கத்தான் உதவும்” என்றாய்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் காது சுடுகிறது.

என் விசாரணை நல்லபடி முடிந்தது, விசா கையில் வரத்தான் நாலு வருடம் எடுத்தது. பதினாறு வயது என்று பள்ளிக்கூடத்தில் விட்டார்கள், சின்னப் பிள்ளைகளோடு இருந்து டொச் மொழி படித்தேன், பிறகு தொழிற்பயிற்சி, வேலை. அந்தப் பொய் வயதால் பென்சன் எனக்கு மூன்று வருடம் பிந்தித்தான் வரும். அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

உனக்கு என்ன கிடைத்தது? எல்லா ஹைமிலும் இருந்த பெடியன்களைச் சேர்த்து ஒரு கழகம் தொடங்குவதுதான் உன் ஆசை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு கழகம் தொடங்கினார்கள், ஆனால் ஆள் தெரிவை வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள். நீ கோட்டுக்கு வெளியே நின்று கை தட்டினாய். என் பெயருக்குப் பிறகு இந்தக் கொப்பியில் ஒரு பெயரும் இல்லை. நீ கார் வாங்கினால், “நீ செலக்ட் பண்ணினதா? அப்ப பிரேக்கை ஒரு தடவை பாத்துக்கோ” என்பான் கோயம்புத்தூர்க்காரன். தங்கைக்கு நீ பார்த்த மாப்பிள்ளையைப் பற்றியும் அதே பகிடி. ஸ்டுட்கார்ட்டுக்கு நீ மாறிப் போனாய், அவனும் வேலை கிடைத்து அங்கே வந்தான், பகிடியும் கூடவே வந்தது. என் கல்யாணத்தில் நீ மாப்பிள்ளைத் தோழனாக நின்றபோதும் அதைச் சொல்லித்தான் சிரித்தார்கள். நீ மணவறைக்குப் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாய். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

நீ போய் முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டிச் சாப்பாட்டின்போது கோயம்புத்தூர்க்காரன் எழும்பி, கண் கலங்க, அந்த ஆட்டத்தைத் திரும்பவும் சொன்னான். “தங்கமான மனுஷன். ஆனா ஆள் செலக்ஷன் மட்டும் அவருக்கு வரவே வராது” என்று முடித்தான். மண்டபம் அழுதுகொண்டே சிரித்தது.

என்னால் இருக்க முடியவில்லை. எழும்பினேன். “அவன் பிழையாய் எடுக்கேல்லை. அந்தக் கோல் அடிச்சவன் நான்தான். நான் இடக்கால்காரன். அண்டைக்கு என்ரை கேசுக்குப் பயந்து வேணுமெண்டுதான் வலக்காலாலை அடிச்சனான்.”

 கோயம்புத்தூர்க்காரன் வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். “போன நண்பனுக்காக இவ்ளோ பெரிய பொய் சொல்றீங்களே பாஸ். உங்க மனசு யாருக்கு வரும்?” பலர் வந்து என் தோளில் தட்டினார்கள். சத்தியம் பண்ணிப் பார்த்தேன், இன்னும் கூடுதலாகத் தட்டினார்கள். எழும்பி அடித்துக் காட்டலாம் என்றால், இடது முழங்கால் சத்திரசிகிச்சை செய்து இரண்டு வருடமாகிறது.

வாகனத் தரிப்பிடத்தில் உன் மகள் சட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். “மாமா, அது உண்மையோ?” என்றாள்.

“ஓம் பிள்ளை.”

அவள் ஒருத்திதான் நம்பினாள். “சின்னனிலையிருந்து எல்லாரும் அப்பாவைப் பகிடி பண்ணுறதைப் பாத்திருக்கிறன். அவர் ஒருக்காலும் திருப்பிச் சொன்னதில்லை” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “எண்பத்தொன்பதிலை உங்களுக்கு விசா சரி வந்திட்டுதெண்டு அம்மா சொல்லுவா. அதுக்குப் பிறகேன் மாமா சொல்லேல்லை?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“அப்பா கேக்கேல்லைப் பிள்ளை” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த சட்டியைத் தூக்கினாள்.

அது பதில் இல்லை, மச்சான். உனக்குத் தெரியும். விசா வரும்வரை எனக்கு அலுவலகத்துக்குப் பயம். வந்த பிறகு, நாலு பேர் முன்னால் பொய்யன் என்று பெயர் எடுக்கப் பயம். உன் பெயர் போனது பரவாயில்லை, என் பெயர் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கு வேறு நல்ல சொல் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

எண்பத்தொன்பதில் அந்த விசாக் கடிதம் வந்த அன்று முதலில் உன் வீட்டுக்குத்தான் ஓடி வந்தேன். நீ அதை இரண்டு தரம் வாசித்தாய். மடித்து என் கையில் தந்தாய். வானொலியை நிறுத்தினாய், மனைவியைக் கடைக்கு அனுப்பினாய், எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாய். ஒன்றும் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பழைய கார் என்ன விலை போகிறது என்று கதைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பினேன்.