கடல்குதிரைகளைப் புதைப்பதற்கு முன்

மார்ச் 9, திங்கள்

எழுந்ததும் முதலில் கைகளை முகர்ந்து பார்த்தேன். ஃபார்மலின் நெடி போகவில்லை. நேற்று ஞாயிறு என்றும் பாராமல் கல்லூரி மியூசியத்தில் பதப்படுத்திய உயிரினங்களின் ஜாடிகளில் அதை நிரப்பும் வேலை. வெயில் தொடங்கினால் மட்டம் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது.

சேலையூரில் நெரிசல். முதல் வகுப்புக்குத் தாமதம்.

பாடம்: விலங்கியல் வளர்ந்த வரலாறு. முதலில் பார்த்தார்கள், விவரித்தார்கள். பிறகு பிடித்து, அறுத்து, வரிசைப்படுத்திப் பெயர் வைத்தார்கள். இப்போது ஒரு துளி ரத்தம் போதும், இனம் தெரிந்துவிடும். இரண்டாவது பெஞ்ச் யாழினி எழுந்தாள்.

"அப்போ இவ்ளோ நாளா கொன்னுதான் தெரிஞ்சுக்கிட்டோமா மேடம்?"

ஆமாம் என்றேன். அத்தோடு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். திரும்பும்போது பஸ்ஸிலும் மனதில் அதே கேள்வி.

வாங்க: தோசை மாவு, ரீஃபில், அத்தைக்கு பி.பி. மாத்திரை.

மார்ச் 10, செவ்வாய்

மாத்திரை மறந்துவிட்டேன். அத்தை காலி அட்டையை என் தட்டருகே வைத்தார். அதுவே போதும்.

துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். மியூசியத்தின் கடல்குதிரைகளும் பவளங்களும் இன்று பாதுகாக்கப்பட்ட இனங்கள். இவை இருப்பதைக் கல்லூரி வனத்துறைக்குத் தெரிவித்ததே இல்லை. குழுவில் யாராவது கேட்டால்? பிரித்தெடுக்க நேரமில்லை, வியாழன் சாயங்காலம் அந்த அலமாரியையே காலி செய்து கேன்டீனுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிடலாமாம்.

சட்டம் வருவதற்கு முன்பே பிடித்தவை. ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் பென்சிலால் இடமும் தேதியும் எழுதிய சீட்டு இருக்கிறது. அதைக் காட்டி இப்போதாவது தெரிவிக்கலாமே என்றேன்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. நீங்க பதில் சொல்வீங்களா? உங்க கான்ட்ராக்ட் ரினியூவல் ஜூன்லதானே மேடம்?"

அன்பாகத்தான் கேட்டார். மிரட்டல் என்று வராந்தாவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் 11, புதன்

புழுக்கம். காற்றே இல்லை.

மதியம் மியூசியத்துக்குள் நுழைந்தால் அட்டெண்டர் செல்வம் அண்ணா ஒரே டப்பில் ஜாடிகளைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். மேல்தட்டு மீன்கள் முழுக்கக் கலந்து கிடக்கின்றன. சீட்டுகள் தனியே மிதக்கின்றன. செம்பாக்கம் ஏரியில் பிடித்தது எது, முட்டுக்காட்டில் பிடித்தது எது? இனி யாராலும் சொல்ல முடியாது. இடமும் நாளும் போனால் அது ஸ்பெசிமன் இல்லை, வெறும் செத்த மீன்.

"சார்தான் ஒண்ணா கொட்டிடுன்னாரு மேடம். குழில போடறதுக்கு எதுக்குத் தனித்தனியா? நான் இன்னா பண்றது? செத்தும் பேஜாரு பண்ணுதுங்க."

கடல்குதிரைகள் கீழ்த்தட்டில். இன்னும் தொடவில்லை. நிறுத்தச் சொல்லி, சீட்டுகள் தெரியும்படி ஒவ்வொரு ஜாடியையும் போனில் படமெடுத்தேன். அவரை வெளியே அனுப்பிப் பூட்டினேன். சாவியை நானே தருகிறேன் என்று சாரிடம் சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். கவனித்திருப்பார்.

சாரிடமிருந்து தொடர்ந்து போன். எடுக்கவில்லை.

இவர் மறைமலை நகரிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். பையன் ப்ளஸ் ஒன் போகிற வருஷம், சாவியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள் என்றார். சாப்பிடும்போது மறுபடியும்:

"செத்துப்போன குதிரைக்காக வேலைய விடுவியா நீ?"

ரசம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பேச்சு முடிந்ததாக நினைத்துக்கொண்டார்.

சாவி கைப்பையில். யாழினிக்குச் சொல்லாமல் விட்ட மிச்சம் இதுதான்: கொன்று தெரிந்துகொண்டோம், தெரிந்துகொண்டதையும் குழியில் போட்டால் கொன்றது மட்டும்தான் மிஞ்சும்.

நாளைக்குக் கல்லூரிக்கு நேராகப் போகப்போவதில்லை. முதலில் வனத்துறை அலுவலகம். படங்களோடு என் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் சாவி.