கட் சொல்லாத படம்

அன்புள்ள அண்ணா,

நீ இயக்கி, என் வீட்டுக்காரர் வீல்சேரில் நடித்த படம் டி.வி.யில் வந்ததிலிருந்து எங்கள் பர்பேங்க் ஊர் முழுக்க அதே பேச்சு. மளிகைக் கடைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க வீட்டுக்காரருக்கு நிஜமாவே நடக்க முடியாதுன்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

கடைசி ஷாட் ஞாபகம் இருக்கிறதா? நீ அழுதுவிட்டாய். எல்லோரும் கைதட்டினார்கள். 'கட்' என்று மட்டும் நீ சொல்லவே இல்லை. நீ சொல்லும்வரை வீல்சேரை விட்டு எழுந்திருக்காதது உன் மாப்பிள்ளை வெண்டலின் வழக்கம். இன்னும் எழுந்திருக்கவில்லை. காலில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர்.

படத்துக்காக வெண்டலுக்கு வீல்சேர் ஓட்டப் பழக்கினாரே கிளிஃப்டன், அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சின்ன வயதிலிருந்தே வீல்சேரில் இருக்கிற மனிதர். கிளம்பும்போது வாசலில் என்னிடம் சொன்னார்: "படியைப் பாத்தா எனக்கு எரிச்சல்தாம்மா வரும். இவருக்குச் சந்தோஷம் வருது. எனக்கே பயமா இருக்கு."

நேற்றுக் காலை நானே "கட்!" என்று கத்திப் பார்த்தேன். வெண்டல் முட்டையைத் தின்றபடியே, ஜன்னலோர மூலையைக் கண்ணால் காட்டி, "உன் அண்ணன் சொல்லட்டும். கேமரா ஓடிட்டிருக்கு, அங்க பாக்காத" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மூலையில் பூந்தொட்டிதான் இருக்கிறது.

ஆனால் இன்று காப்பி ஊற்றும்போது என் முகம் தானாக வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது. நன்றாக ஊற்றினேன் என்றுகூடத் தோன்றியது.

உடனே புறப்பட்டு வா. பின்வாசல் வழியாக வா அண்ணா. முன்வாசல் கேமரா ஃப்ரேமுக்குள் விழும்.

உன் தங்கை